நெல்லியடிச் சந்தியைச் சுற்றிப் போகலாமா?

பின்னேரம் ஐந்து மணிக்கு நெல்லியடிச் சந்தியில் அகப்பட்டு நிற்கிற யாரைக் கேட்டாலும் ஒரே மருந்தைத்தான் சொல்வார்கள்: "ஊருக்குப் பின்பக்கத்தாலே ஒரு பைபாஸ் றோட்டைப் போட்டுவிட்டால் எல்லாம் சரி." யாழ்ப்பாணத்திலிருந்து வல்லை வெளியைக் கடந்து வருகிறவையும், பருத்தித்துறையிலிருந்து மந்திகை வழியாக வருகிறவையும், கொடிகாமம் வீதியால் வந்து ஏறுகிறவையும் இங்கேதான் ஒன்றை ஒன்று முட்டுகின்றன. வடமராட்சி கிழக்கு மணலோடு டிப்பர் வரும். ரியூஷன் விட்டதும் சைக்கிள்கள் கலையும். சந்தைக்கு வந்தவர்களின் மோட்டார் சைக்கிள்கள் வீதியோரத்தைப் பிடித்திருக்கும். ஓட்டோக்காரர் திருப்புவதற்கு இடம் பார்த்தபடி பாதி வீதியில் நிற்பார். போருக்குப் பின்னர் பருத்தித்துறை வீதி காபெட் வீதியானதில் வல்லை வெளியில் மிச்சம் பிடிக்கிற நிமிடங்களை, சந்திக்கு வந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம்.

பைபாஸ் என்பது கேட்பதற்கு எளிமையான யோசனை. ஊருக்குள் வேலையில்லாத வாகனம் ஊருக்குள் வரவேண்டாம். அதற்கு வெளியால் ஒரு வழி கொடு. இதில் "ஊருக்குள் வேலையில்லாத" என்ற சொற்களில்தான் முழுக் கணக்கும் கிடக்கிறது. சந்தியில் நிற்கிற நூறு வாகனங்களில் எத்தனை நெல்லியடிக்கே வந்தவை, எத்தனை நெல்லியடியை ஊடறுத்துப் போக வந்தவை? அதை எண்ணாமல் வரைபடத்தில் கோடு கீறத் தொடங்கக்கூடாது என்பது என் கட்சி.

ஊடறுத்துப் போகும் வாகனங்கள் மிகுந்த இடத்தில் பைபாஸ் எப்படி வேலை செய்யும் என்பதை நம்மூர்ச் சனம் ஏற்கனவே அனுபவித்திருக்கிறது. கொழும்பு ஒரு துறைமுக நகரம். கண்டி வீதி, அவிசாவளை வீதி, ஹைலெவல் வீதி, காலி வீதி எல்லாம் நகரத்தின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக விரிந்து செல்பவை. யாழ்ப்பாணத்திலிருந்து மாத்தறைக்குப் போகிறவருக்குக் கொழும்பில் ஒரு அலுவலும் இல்லை. ஆனாலும் முன்பெல்லாம் துறைமுகத்துக் கொள்கலன் லொறிகளோடு நெரிபட்டுத்தான் அவர் நகரத்தைத் தாண்டவேண்டியிருந்தது. இந்த ஆரை வீதிகளை நகரத்துக்கு வெளியே குறுக்காக இணைப்பதுதான் வெளிச் சுற்றுவட்ட அதிவேக நெடுஞ்சாலை. கொட்டாவையிலிருந்து கடுவெல வரையான பகுதி 2014 மார்ச்சிலும், அங்கிருந்து கடவத்தை வரை 2015 ஜூனிலும், கடவத்தையிலிருந்து கெரவலப்பிட்டி வரை 2019 நவம்பரிலும் திறக்கப்பட்டன. மொத்தம் ஏறக்குறைய 29 கிலோமீற்றர். முதல் இரண்டு துண்டுகளும் யப்பானின் சர்வதேச ஒத்துழைப்பு முகவரகமான ஜைக்காவின் கடனில் எழுந்தவை. கடைசித் துண்டு சீனக் கடனில். கெரவலப்பிட்டியில் அது கட்டுநாயக்க அதிவேக வீதியைத் தொடுகிறது. கொட்டாவையில் தெற்கு அதிவேக வீதியைத் தொடுகிறது. இன்று மாத்தறைக்குப் போகிற வான் கொழும்பின் ஒரு சிக்னலையும் காணாமல் போய்விடும்.

கடன் கொடுத்த யப்பானியர்களுக்கு இந்த வேலை புதிதல்ல. கார்கள் பெருகிய 1960கள், 70களில் அவர்களுடைய துறைமுக நகரங்கள் ஒவ்வொன்றும் இதே நெரிசலில் மூச்சுத்திணறின. நீகாட்டா நகரத்தை எடுத்துக்கொள்வோம். 1858ஆம் ஆண்டு ஒப்பந்தங்களின்படி வெளிநாட்டுக் கப்பல்களுக்குத் திறந்துவிட இணங்கிய ஐந்து துறைமுகங்களில் அதுவும் ஒன்று. பழைய நகரத்துக்குள்ளால் போன தேசிய வீதியை விலக்கி, வெளியே வயல்பக்கமாக 1970களில் நீகாட்டா பைபாஸ் அமைந்தது. அதில் குறுக்கு வீதிகள் எல்லாம் மேலாலோ கீழாலோ போய்விடும். சிக்னல் கிடையாது, கட்டணமும் கிடையாது. இன்று அதன் சில பகுதிகளில் நாளொன்றுக்கு ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் ஓடுகின்றன. ஊரைச் சுற்றிப் போவதற்கென்று போட்ட வீதியே யப்பானின் மிகப் பரபரப்பான சாதாரண வீதிகளில் ஒன்றாகிவிட்டது. எப்படி அப்படி ஆனது என்று பார்க்கமுன், நெரிசல் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் கணக்காகப் பார்க்கவேண்டும்.

ஒரே காசாளர் உள்ள கடையை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் தன் நேரத்தில் பாதியைத்தான் வேலையில் செலவிடுகிறார் என்றால் வரிசை பெரிதாக வராது. ஆட்கள் ஒழுங்கின்றி வருவதால் சராசரியாக ஒருவரின் கணக்கு முடியும் நேரம் மட்டும் நாம் காத்து நிற்போம். அவருடைய நேரத்தில் 80 வீதம் நிரம்பிவிட்டால் காத்திருப்பு நான்கு மடங்காகும். 90 வீதத்தில் ஒன்பது மடங்கு. 95 வீதத்தில் பத்தொன்பது மடங்கு. கோப்பன்ஹேகன் தொலைபேசிக் கம்பனியில் வேலை செய்த ஏர்லாங் என்ற கணித அறிஞர் 1909இல் தொடக்கிவைத்த வரிசைக் கோட்பாடு தருகிற விடை இது. சந்தி அந்தக் கடையைப் போல அவ்வளவு ஒழுங்காக இயங்காது என்றாலும் வளைகோட்டின் வடிவம் அதேதான்: நெடுநேரம் படுத்துக் கிடந்துவிட்டு, கொள்ளளவை நெருங்கியதும் செங்குத்தாக எழும். நேற்றுவரை நன்றாக ஓடிய சந்தி இந்த வருடம் திடீரென்று கெட்டுப்போனது போலத் தெரிவது இதனால்தான். வாகனங்கள் நூற்றுக்கு ஐந்துதான் கூடியிருக்கும், காத்திருப்போ இரட்டிப்பாகியிருக்கும்.

இந்த வளைகோட்டை மறுபக்கமாக வாசித்தால் பைபாஸ்காரருக்குச் சாதகமான ஒரு செய்தி கிடைக்கிறது. ஒரு வாகனம் சந்தியைக் கடக்க 2 வினாடி எடுக்கிறது, சந்தி 95 வீதம் நிரம்பியிருக்கிறது என்று வைப்போம். சராசரிக் காத்திருப்பு 38 வினாடி. அதில் பத்து வீதத்தை வெளியே அனுப்பி 85 ஆக்கினால் காத்திருப்பு 11 வினாடிக்குச் சரிந்துவிடும். எனவே சந்திக்கு வருகிற பெரும்பாலானவை நெல்லியடிக்கே வருபவையாக இருந்தாலும், சிறு பங்கை விலக்கினாலே பெரிய ஆறுதல் கிடைக்கும். பைபாஸால் பயனே இல்லை என்று வாதாடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

ஆனால் அந்தப் பத்து வீதத்தை வாங்கப் புதிய வீதிதான் வேண்டுமென்று கணக்கு சொல்லவில்லை. பயணிகளை ஏற்றி இறக்க ஒரு பஸ் ஓடுபாதையிலேயே 20 வினாடி நிற்கிறது என்று வையுங்கள். மணித்தியாலத்துக்கு முப்பது பஸ்கள் அப்படி நின்றால் 600 வினாடி. அந்தத் திசையில் ஒரே ஓடுபாதை உள்ள வீதியில், மணித்தியாலத்தின் ஆறிலொரு பங்கு அடைபட்டுப் போகிறது. தரிப்பிடத்தைச் சந்தியிலிருந்து கொஞ்சம் தள்ளி, வீதியை விட்டு உள்வாங்கிய ஒரு வெட்டுக்குள் வைத்தாலே இந்த ஆறிலொன்று திரும்பக் கிடைக்கும். வீதியோரத்தில் நிறுத்திவிட்டுக் கடைக்குள் போகிற வாகனங்களுக்கும் இதே கணக்குப் பொருந்தும். ஒரு கார் அரை மீற்றர் வெளியே தள்ளி நின்றால் போதும். பின்னால் வருகிற பஸ் எதிர்ப்பாதைக்கு ஏறவேண்டும், எதிரே வருகிற எல்லாம் நிற்கவேண்டும்.

திரும்புகிறவர்களின் கணக்கு தனி. இரு வழி வீதிகள் நான்கு கூடும் சந்தியில் வாகனப் பாதைகள் ஒன்றையொன்று வெட்டவோ சேரவோ பிரியவோ கூடிய இடங்கள் 32. மூன்று கூடும் சந்தியில் 9. நான்கு வீதி கூடும் இடத்திலேயே ஒரு சுற்றுவட்டத்தை வைத்தால் 8. இடப்பக்கம் ஓட்டுகிற நாட்டில் வலப்பக்கம் திரும்புகிறவர்தான் எதிர் ஓட்டத்தைக் குறுக்கறுக்கிறார். ஒழுங்கைகளால் குறுக்கே வந்து சந்திக்குச் சற்றுமுன் பிரதான வீதியில் ஏறப் பார்க்கிற மோட்டார் சைக்கிள்காரரும் அதையேதான் செய்கிறார். தன்னுடைய ஒரு நிமிடத்தை மிச்சம் பிடிக்கிறார், இருபது பேரை ஐந்து ஐந்து வினாடி நிறுத்துகிறார். அவரைக் குறை சொல்லவில்லை. நானும் அந்த ஒழுங்கைகளால் வந்தவன்தான்.

சந்தியே இல்லாத இடத்திலும் நெரிசல் பிறக்கும் என்பதை யப்பானின் இன்னொரு துறைமுக நகரமான நகோயாவைச் சேர்ந்த சுகியாமா என்ற இயற்பியலாளரும் சகாக்களும் செய்து காட்டினார்கள். 230 மீற்றர் சுற்றளவுள்ள ஒரு வட்டத்தில் 22 கார்கள். சிக்னல் இல்லை, திருப்பம் இல்லை, முந்துவதும் இல்லை. மணிக்கு 30 கிலோமீற்றர் அளவில் சீராக ஓட்டுங்கள் என்பதுதான் சாரதிகளுக்குச் சொல்லப்பட்டது. கொஞ்ச நேரம் எல்லாம் அழகாக ஓடியது. பிறகு யாரோ ஒருவர் இம்மியளவு வேகம் குறைக்க, பின்னால் வந்தவர் அதைவிடச் சற்றுக் கூடுதலாகப் பிரேக் பிடிக்க, அதற்கும் பின்னால் வந்தவர் முழுதாகவே நின்றுவிட்டார். அந்த நிறுத்தம் மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீற்றர் வேகத்தில் ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் அலையாக நகர்ந்தது. 2008இல் வெளியான இந்த ஆய்வு, வாகன நெருக்கம் ஓர் அளவைத் தாண்டினால் நெரிசலுக்குத் தனியாக ஒரு காரணம் தேவையில்லை என்று நிறுவியது. நெல்லியடிச் சந்தியில் ஒரு ஓட்டோ திரும்பியதன் விளைவை, சந்தியே கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் நிற்கிற பஸ் பயணி அனுபவிப்பது இப்படித்தான். அவர் சந்திக்கு வந்து சேரும்போது ஓட்டோ வீட்டுக்கே போயிருக்கும்.

நீகாட்டா பைபாஸுக்கு வருவோம். புதிய வீதி திறந்ததும் பயணம் சுளுவாகும். சுளுவானதும், முன்பு நெரிசலுக்குப் பயந்து வேறு நேரத்தில் போனவர், வேறு வழியால் போனவர், பஸ்ஸில் போனவர், போகாமலே இருந்தவர் எல்லாம் வந்து சேர்வார்கள். அமெரிக்கப் பொருளியலாளர் அந்தனி டவுன்ஸ் 1962இலேயே இதை ஒரு விதியாக எழுதினார். டுரான்டன், டர்னர் என்ற இருவர் 2011இல் அமெரிக்க நகரங்களின் தரவுகளை அலசி, பெருவீதிகளின் நீளம் எந்த விகிதத்தில் கூடுகிறதோ ஏறக்குறைய அதே விகிதத்தில் ஓட்டமும் கூடிவிடுகிறது என்று காட்டினார்கள். அதோடு நிலமும் சும்மா இருப்பதில்லை. யப்பானில் பைபாஸ்களின் இரு மருங்கிலும் பரந்த வாகனத் தரிப்பிடங்களோடு கடைகளும் உணவகங்களும் முளைத்தன. பழைய நகர மையங்களின் கடைத்தெருக்களில் பல, கதவு இழுத்துவிட்ட தெருக்களாகிவிட்டன. சென்னையில் இதே கதை படிப்படியாக நடந்தது. ஒருகாலத்தில் ஊருக்கு வெளியே இருந்த உள்வட்டச் சாலையான நூறடிச் சாலை வடபழனி, கோயம்பேட்டின் நடுத்தெருவாகிவிட்டது. அதற்கு வெளியே சென்னை பைபாஸ், அதற்கும் வெளியே வண்டலூர் முதல் மீஞ்சூர் வரை 62 கிலோமீற்றர் வெளிவட்டச் சாலை. இப்போது அதையும் தாண்டி, எண்ணூர்த் துறைமுகப் பக்கத்திலிருந்து மாமல்லபுரம் அருகே வரை சுமார் 133 கிலோமீற்றரில் இன்னொரு சுற்று வீதி எழுகிறது. அதற்கும் ஜைக்கா கடன் கொடுக்கிறது.

நெல்லியடிக் கடைக்காரர் இதை வாசித்துவிட்டுப் பயப்படத் தேவையில்லை. வடமராட்சி சென்னை அல்ல. ஆனால் பைபாஸ் போட்டால் சந்தியின் வியாபாரத்தில் ஒரு பகுதி புதிய வீதிக்கரைக்கு நகரும் என்பதையும், அங்கே முளைக்கிற கடைகளே சில வருடங்களில் இன்னொரு சந்தியை உண்டாக்கிவிடும் என்பதையும் எதிர்பார்த்தே இறங்கவேண்டும். தடுப்பதற்கு வழி உண்டு. நீகாட்டாவில் செய்ததுபோல நுழைவாயில்களைக் குறிப்பிட்ட இடங்களில் மட்டும் வைத்து, வீதிக்கரைக் காணிகளுக்கு நேரடி வாசல் விடாமல் இருப்பது ஒன்று. காணிக்காரரிடம் வீதிக்கு நிலம் வாங்கிவிட்டு, அந்த வீதிக்கே வாசல் வைக்கக்கூடாது என்று நமது ஊரில் சொல்லிப் பார்க்கட்டும்!

உண்மையில் நெல்லியடிக்கு ஒரு பைபாஸ் ஏற்கனவே இருக்கிறது. பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் போகிறவர் வல்வெட்டித்துறை, தொண்டைமானாறு, அச்சுவேலி வழியாகவும் போகலாம். கடற்கரைக் காற்றும் இலவசம். பிறகேன் எல்லோரும் நெல்லியடிக்குள்ளால் வருகிறார்கள்? 1952இல் வார்ட்ரொப் என்ற பிரித்தானியர் சொன்ன விதி இதற்குப் பதில்: ஒவ்வொருவரும் தனக்குச் சுருக்கமான வழியையே தேடுவதால், பாவனையில் உள்ள வழிகள் எல்லாவற்றிலும் பயண நேரம் சமமாகும்வரை வாகனங்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். கரையோர வழி சிலருக்கு நீளம், சிலருக்கு வளைவு அதிகம். நெல்லியடி நெரிசல் அந்த மேலதிக நிமிடங்களைத் தாண்டும்போது மட்டும்தான் அங்கே ஆட்கள் திரும்புவார்கள். புதிய பைபாஸுக்கும் இதே விதிதான். அது சந்தியைவிட எத்தனை நிமிடம் சுருக்கம் என்பதைப் பொறுத்தே ஆட்கள் வருவார்கள். வழியில் இன்னும் நான்கு ஒழுங்கைகள் வந்து ஏறினால் வரமாட்டார்கள்.

டிப்பர்களுக்கு மட்டும் நான் வேறு நியாயம் சொல்வேன். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில், சோதனைக்கென்றே கட்டிய வளையப் பாதைகளில் இராணுவச் சாரதிகளைக் கொண்டு லொறிகளை இரவு பகலாக ஓடவிட்டு வீதி எப்படிக் கெடுகிறது என்று அளந்தார்கள். அச்சின் சுமை இரட்டித்தால் சேதம் இரட்டிப்பதில்லை, ஏறக்குறைய பதினாறு மடங்காகிறது. அதாவது சுமையின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப வளர்கிறது என்பது அந்தச் சோதனையிலிருந்து பொறியியலாளர்கள் எடுத்துக்கொண்ட விதி. காரின் ஓர் அச்சில் அரைத் தொன், மணல் ஏற்றிய டிப்பரின் ஓர் அச்சில் பத்துத் தொன் என்று வைத்தால் சுமை இருபது மடங்கு, சேதம் ஒரு இலட்சத்து அறுபதாயிரம் மடங்கு. காபெட் வீதியில் சக்கரத் தடங்கள் குழிந்து கிடப்பதற்கு நம் மோட்டார் சைக்கிள்கள் பொறுப்பல்ல. எண்ணிக்கையில் மிகச் சிறுபான்மையான கன வாகனங்களை மட்டும், அதற்கென்று தடித்துக் கட்டிய ஒரு வழியால் அனுப்பினால், ஊர் வீதியின் ஆயுளும் கூடும், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஆயுளும் கூடும். பைபாஸ் இல்லாமலேகூட, பள்ளிக்கூட நேரங்களில் டிப்பர்களை நிறுத்திவைப்பது இதே பலனில் ஒரு பங்கைத் தரும்.

இனி நிலம். கொழும்பு வெளிச் சுற்றுவட்டத்தைக் கட்டியவர்களுக்கு எதிரி சதுப்பு. களனி ஆற்றுத் தாழ்நிலத்தின் கரிச்சேற்று மண் பாரம் ஏறினால் வருடக்கணக்கில் அமுங்கிக்கொண்டே போகும், அதனால் கடைசித் துண்டின் பெரும்பகுதியைத் தூண்களில் தூக்கிக் கட்டவேண்டியிருந்தது. நமக்கு அந்தக் கவலை இல்லை. மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல் பல இடங்களில் மண்வெட்டிக்கே தட்டுப்படும். ஆனால் அந்தக் கல்தான் நமது தண்ணீர்த் தொட்டி. மழை மண்ணாலும் கல்லின் வெடிப்புகளாலும் இறங்கி, கீழே உள்ள உவர்நீருக்கு மேலே நன்னீர் வில்லையாக மிதக்கிறது. கிணற்றில் அள்ளுவது அதைத்தான். பத்து மீற்றர் அகலத்தில் ஒரு கிலோமீற்றர் வீதி பத்தாயிரம் சதுர மீற்றரை மூடும். ஆண்டுக்கு 1200 மில்லிமீற்றர் மழை என்றால் அந்தத் துண்டில் மட்டும் விழுவது ஒரு கோடியே இருபது இலட்சம் லீற்றர். அதை வாய்க்காலால் தொண்டைமானாற்றுக் கடல்நீரேரிக்குத் துரத்திவிடலாம், அல்லது வீதிக்கரையில் உறிஞ்சு குழிகளும் புல் பள்ளங்களும் வைத்து, வாகன எண்ணெய்க் கசிவை வடித்து, நிலத்துக்கே திருப்பிக் கொடுக்கலாம். இரண்டாவது கொஞ்சம் செலவு, ஆனால் தோட்டக்கிணறுகளை நம்பியிருக்கிற ஊரில் எனக்கு முதலாவது வழியில் சம்மதமில்லை. இன்னொன்று, வயல்வெளிக்குக் குறுக்கே உயர்த்திப் போடுகிற வீதி அணைக்கட்டாகவும் வேலை செய்யும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அறியாமல் மதகு வைத்தால், வீதியின் ஒரு பக்கம் நெல் அழுகும், மறுபக்கம் வீட்டு முற்றத்தில் தண்ணீர் நிற்கும்.

இவ்வளவுக்கும் முன்னால் செய்யவேண்டிய எண்ணிக்கைக்குப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். உயர்தரக் கணிதப் பிரிவு மாணவர்கள் ஒரு வகுப்பே செய்துமுடிக்கலாம். வல்லைப் பக்கம் ஒரு காவல், மந்திகைப் பக்கம் ஒன்று, கொடிகாமம் வீதியில் ஒன்று. கடந்துபோகும் ஒவ்வொரு வாகனத்தின் இலக்கத் தகட்டிலும் கடைசி நான்கு எண்கள், வாகன வகை, நேரம். மாலையில் மூன்று தாள்களையும் கணினியில் ஏற்றி, ஒரு காவலில் பதிந்த எண் இன்னொரு காவலில் பத்துப் பன்னிரண்டு நிமிடங்களுக்குள் வந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். வந்திருந்தால் அது ஊடறுத்துப் போனது. இல்லாவிட்டால் நெல்லியடிக்கு வந்தது. நான்கு எண்களுக்கு 10,000 சேர்க்கைகள் உண்டு. அந்த இடைவெளிக்குள் நூறு வாகனங்கள் போனால் தற்செயலாக ஒரே எண் பொருந்திவிடும் வாய்ப்பு ஏறக்குறைய நூற்றில் ஒன்று. வகையையும் சேர்த்துப் பார்த்தால் அதுவும் குறையும். டீ குடிக்க இறங்கி இருபது நிமிடம் நின்ற சாரதி மட்டும் கணக்கைக் கொஞ்சம் குழப்புவார். பஸ்களைத் தனியாக எழுதவேண்டும். அவை ஊடறுத்துப் போகிறவை போலத் தெரிந்தாலும் நெல்லியடியில் ஆள் ஏற்றாமல் போகமாட்டா. கொடிகாமத்திலிருந்து தட்டிவான் ஏதாவது வந்தால் அதையும் அப்படியே. காலையில் இரண்டு மணித்தியாலம், பின்னேரம் இரண்டு மணித்தியாலம், வாரநாளில் ஒன்றும் சனிக்கிழமையில் ஒன்றும் என்று எடுத்தால் போதும். செல்வச்சந்நிதித் திருவிழாவும் வல்லிபுர ஆழ்வார் கோயில் தேரும் தீர்த்தமும் வருகிற வாரங்களைத் தவிர்த்துவிட வேண்டும். அந்த நாட்களில் எண்ணினால் வடமராட்சிக்கு எட்டு வழிப் பாதை வேண்டும் என்றுதான் விடை வரும்.